கூப்பாத கைகள்

மண் அடுப்பிலிருந்து சிப்பா ரொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து வாழையிலையில் அடுக்கிக்கொண்டிருந்தாள் எவுலோகியா. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் வெந்த மணம் வாசல் மாமரம் வரைக்கும் போயிற்று. அமெரிக்காவின் கன்சாஸிலிருந்து பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்று, தங்களிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளை அவரவர் ஊரிலேயே பார்ப்பதற்காகப் பராகுவாய்க்கு வந்திருந்தது. தலைநகர் அசுன்சியோனில் பெரிய விருந்து முடிந்து, இன்று யாகுவரோனில் அவள் வீடு. மகன் தெர்லிஸ் கன்சாஸில் விவசாயம் படித்துப் பட்டம் வாங்கியவன். வாத்தியார்கள் வருவதில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் அவர்களோடு லோர்னாவும் வருகிறாள். படித்த நான்கு வருடமும் அவன் தங்கியிருந்தது அந்தப் பெண்மணியின் வீட்டில்.

"ரெண்டு அம்மாவும் இன்னிக்கு ஒரே முற்றத்துல. பாவம் பய, எந்தப் பக்கம் திரும்புவான்?" என்றாள் தங்கை சிஸ்தா.

"பெத்தவ ஒருத்திதான். இன்னொருத்தி தங்க இடம் குடுத்தவ. நீ வாயை மூடிட்டு இலையை எடு."

காலையிலேயே லோர்னாவைப் பற்றித் தெர்லிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தான். "அவங்க வந்ததும் நான் ஆசி கேக்கட்டுமாம்மா?"

எத்தனை வயதானாலும் பெற்றவர்களையும் ஞானப் பெற்றோரையும் கண்டதும் முதலில் கைகூப்பி ஆசி கேட்பார்கள் அந்த ஊரில். பெரியவர் வலது கையால் காற்றில் சிலுவை வரைந்து ஆசி சொன்ன பிறகுதான் மற்றப் பேச்செல்லாம். எவுலோகியாவின் ஓவெலார் குடும்பத்தில் இதில் யாரும் தவறியதில்லை. கண்டவர்களிடம் கைகூப்பியதும் இல்லை.

"நம்ம வீட்டுல யார்கிட்ட கைகூப்பணும்னு உனக்குத் தெரியும். ஊரே பாத்துட்டு நிக்கும். கை குலுக்கு, போதும்," என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் வருடம் அவனுக்குக் குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை நடந்தது. எவுலோகியாவுக்கு விசா கிடைக்கவில்லை. தேவாலயத்தின் மரத்தூணில் சாய்ந்தபடி அவள் முழங்காலிட்டிருந்த நாட்களில் லோர்னாதான் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அதற்காக ஒரு நன்றி சொல்லவேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் வேறு வேலையைத் தேடிப் போய்விடுவாள்.

வண்டி வந்து நின்றது. செம்மண் புழுதி அடங்குவதற்குள் பக்கத்து வீட்டார் வேலியோரம் கூடிவிட்டார்கள். தலை நரைத்த, ஒல்லியான லோர்னா முதலில் இறங்கினாள். தெர்லிஸ் அவள் முன் போய் நின்றான். அவளுடைய வலது கை தானாக நெஞ்சுயரம் எழுந்தது. காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தது. அவன் கைகூப்பவில்லை. கையை நீட்டினான். அந்தரத்தில் நின்றுபோன கை, எங்கே போவதென்று தெரியாமல் பைவாரைப் பிடித்துக்கொண்டது. பிறகு அவன் கையைப் பற்றிக் குலுக்கியது.

வேலியோரத்தில் யாரும் கவனிக்கவில்லை. எவுலோகியா கவனித்தாள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். லோர்னா சிப்பாவைச் சிறுசிறு துண்டாகப் பிட்டபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சிஸ்தாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன்டா தெர்லிஸ், அந்தம்மா இறங்குனதும் சிலுவை போட வந்துச்சே, அதுக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?"

அவன் தாயைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான்தான் சித்தி. தினமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி அவங்க அடுக்களைக்குப் போய்க் கைகூப்புவேன். முதல்ல முழிச்சாங்க. அப்புறம் கத்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில கையைத் தூக்க முடியல, ஊசி குத்தியிருந்தாங்க. நான் கேக்காமலே சிலுவை போட்டாங்க."

எவுலோகியா எழுந்து அடுப்பருகே போய்விட்டாள். அணைந்த கரியைக் கிளறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் தான் அனுப்பிய ஆசிகள் நினைவுக்கு வந்தன. மற்ற நாட்களில் பிள்ளை ஆசியில்லாமல் படுத்தான் என்றே அவள் எண்ணி வந்திருந்தாள். அதை நினைத்து அழுதும் இருக்கிறாள்.

வெயில் தாழ்ந்ததும் வண்டி கிளம்ப ஆயத்தமானது. தெர்லிஸ் மறுபடியும் கையை நீட்டப் போனான்.

"தெர்லிஸ்."

கூப்பிட்டவள் எவுலோகியா. வேலியோரத்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெரியவங்க புறப்படுறாங்க. இப்படித்தான் வழியனுப்புவியா? எவுலோகியா வளத்த லட்சணத்தைப் பாருன்னு ஊரு சொல்லணுமா?"

அவன் இரண்டு கைகளையும் நெஞ்சருகே கூப்பித் தலை தாழ்த்தினான். லோர்னா அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலாக எவுலோகியாவைப் பார்த்தாள். எவுலோகியா முதுகை வளைக்காமல் நின்றாள், முகத்தில் எதையும் காட்டவில்லை. மெல்ல லோர்னாவின் வலது கை எழுந்தது. அந்த ஊர்க் குவரானி மொழியின் ஆசிச் சொற்களைக் கொச்சையாக, ஒன்றும் விடாமல் அவள் சொல்ல, அது மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தது.

மாவு படிந்த முன்துணிக்குள் எவுலோகியாவின் வலது கை இடமிருந்து வலமாகச் சிலுவையின் குறுக்குக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தது.