கிரேன் பூதங்கள் வரும் படம்

போஸ்டரின் மூலையில் 'யு/ஏ 7+' என்று போட்டிருந்தது. என் மகள் ஜூடிக்கு ஐந்து வயது. ஏழு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரே பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். அந்தப் பெற்றோருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று எங்கும் போடவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

போன தடவை ஒரு கார்ட்டூன் படத்தை நம்பி அவளைக் கூட்டிப்போய்ப் பட்டது போதும். அதில் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை நீளும். ஒரே ஒரு காட்சிதான். அதற்கப்புறம் ஒரு மாதம் ஜூடி தனியாகப் பாத்ரூம் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்று பாட்டுப் பாட வேண்டும், பாட்டு நின்றால் அழுகை. மறுபடி அப்படியொரு பயம் அவளைப் பிடிக்கவே கூடாது. அதற்காக, வகுப்பே பார்த்துவிட்ட படத்தை இவள் மட்டும் பார்க்காமல் முழிப்பதையும் என்னால் தாங்க முடியாது.

"பொம்ம படந்தான ஜானட்? இதுக்குப் போயி இம்மாம் பேஜாரு பண்ற" என்றார் என் கணவர் பிராங்கிளின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற ராட்சத கிரேன்.

நான் விடுவேனா? முதலில் போனில் தேடினேன். 'மிதமான சண்டை, ரத்தம் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். யாருக்கு மிதம்? எழுதியவருக்கா, ஜூடிக்கா? பிறகு கீழ்வீட்டு மளிகைக்கடைக்காரர் மகள் ஷெர்லினைப் பிடித்தேன். எட்டு வயது, படத்தை ஏற்கெனவே பார்த்தவள்.

"படம் பயமா கீதாடி?"

"பயமா? செம காமெடி ஆன்ட்டி!"

இவளை நம்பி என்ன செய்வது? செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்கு டோல்கேட் பக்கத்துத் தியேட்டருக்கு நானே தனியாகப் போனேன். டிக்கெட் கிழிக்கிறவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கொழந்த எங்கம்மா?"

"நான்தான் கொழந்த. வுடு நைனா."

படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரு துறைமுக நகரம். வில்லன் ஒரு பொத்தானை அமுக்கியதும் கரையில் நிற்கும் கிரேன்களுக்கெல்லாம் உயிர் வந்து அவை ஊரை மிதிக்கின்றன. ஒரு சின்னப் பெண் இரும்புக் கையுறை மாட்டிக்கொண்டு அவற்றை அடித்து நொறுக்குகிறாள். நான் ஜூடியாக உட்கார்ந்து பார்த்தேன். அம்மா சாகிறாளா? இல்லை. இருட்டிலிருந்து ஏதாவது பாய்கிறதா? இல்லை. கண்ணாடி? மருந்துக்குக்கூட இல்லை. கடைசி கிரேன் விழுந்தபோது நானும் கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மூன்று பேரும் போனோம். நான் திரையைப் பார்க்கவில்லை, ஜூடியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தாள், பாப்கார்னைச் சிந்தினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் கிரேனின் கழுத்து முறிந்தது. தியேட்டரே விசிலடித்தது, பிராங்கிளின்தான் எல்லாரையும்விடச் சத்தமாக. ஜூடி சீட்டின் மேல் ஏறி நின்றாள்.

"அப்பா, அதுக்குள்ள கீற அப்பா எறங்கிட்டாரா?"

எங்கள் மொட்டை மாடியிலிருந்து துறைமுகக் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். மாலையில் பிள்ளைகள் அவற்றுக்கு டாட்டா காட்டுவார்கள். அது ஜூடி அப்பா, இது ஜோபின் அப்பா என்று கை நீட்டுவார்கள். தினமும் இதைப் பார்க்கிற எனக்கு, தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தபோது இது தோன்றவே இல்லை. என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பிராங்கிளின் விசிலடித்த விரலை வாயிலிருந்து எடுத்தார்.

"எறங்கிட்டாருடா செல்லம்."

"எப்போ? நான் பாத்துகினே கீறேன். யாருமே எறங்கல."

"பின்னாடி படி கீது. அந்தாண்ட எறங்கி ஓடிட்டாரு."

அடுத்த கிரேன் சாய்ந்தது. "இவரு?"

"இவருந்தான்."

அவர் அதற்கப்புறம் விசிலடிக்கவில்லை. படம் முடிகிறவரை ஒவ்வொரு கிரேனிலிருந்தும் ஓர் ஆளை இறக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். ஜூடியும் நம்பினாள். வீட்டுக்கு வந்ததும் தனியாகவே பாத்ரூம் போனாள். நான் கதவருகே போய் நின்றதற்கு, "இன்னாம்மா, போ" என்று விரட்டினாள்.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜூடி பள்ளிக்கூட வேனுக்கு ஓடியவள் நின்று திரும்பினாள். "யாராச்சும் அடிக்க வந்தா மொதல்ல எறங்கிடுப்பா" என்றாள். அவர் சரியென்று தலையாட்டியதும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எனக்கு அது போதவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டேன்.

"ஏங்க, நெசமாவே மேல ஏதாச்சும் ஆச்சுன்னா, எறங்க எவ்ளோ நேரம் ஆவும்?"

அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"கொழந்தைக்கு இன்னா சொன்னேனோ, அதேதான் உனுக்கும்" என்றார்.