கப்பல் படத்தின் பின்னட்டை

பன்னிரண்டு மணிக்குப் பூந்தமல்லியில் பத்திரப் பதிவு. நசரத்பேட்டை வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து ஹெலினா கையெழுத்துப் போட வேண்டும். வீடு அண்ணன் பிரகாசத்துக்கு, அப்பாவின் கப்பல் படம் அவளுக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் படம், ரெண்டு பங்கும் சரிசமம் என்று சத்தியம் செய்து, நேற்றே அதைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் அனுப்பிவிட்டான். அண்ணன் சொன்னால் நம்பிவிடுகிற ஜென்மம் அவள். இருந்தாலும் போரூரிலிருந்து போகிற வழியில் அது என்ன பெறும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று, போர்வையைப் பிரிக்காமலே படத்தைத் தூக்கிக்கொண்டு, ஐயப்பன்தாங்கலில் பழைய படம் வாங்கி விற்கும் மணவாளன் கடையில் இறங்கினாள்.

போர்வையைப் பிரித்தாள். படத்தில் தூரத்தில் பாய்மரக் கப்பல்கள், கரையில் பழைய மெட்ராஸ். இடுப்பளவுத் தண்ணீரில் கறுப்பு ஆட்கள் துரைமார்களைத் தோளில் சுமந்து வருகிறார்கள். மணவாளன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான்.

"யக்கா, புள்ளி புள்ளியா கீது பாரு. மிஷின்ல அடிச்சது. ஓட்டல்காரன் செவுத்துல மாட்ட வாங்குவான். பிரேமோட எண்ணூறு ரூபா."

"நல்லா பாருப்பா. எங்கப்பாவுக்கு மொதலாளி குடுத்தது. அம்பது வருசமா எங்க ஊட்டுல தொங்கிச்சு."

"இந்தப் பேப்பருக்கு ஆறு மாசம்கூட ஆவலக்கா."

ஹெலினா படத்தைக் கவிழ்த்துப் போட்டாள். "பின்னாடி பிரி" என்றாள்.

அதுவரை எழுதிவந்த பைபிளைக் கரையான் அரித்த வருடத்திலிருந்து, குடும்பத்தின் பிறப்பு இறப்பெல்லாம் அப்பா அந்தப் படத்தின் பின்னட்டையில்தான் எழுதுவார், தச்சுப் பென்சிலால். மூன்று நாள் மட்டும் உயிரோடிருந்த ஹெலினாவின் மூத்த மகள் சிசிலியையும் எழுதினார். அந்தக் குழந்தைக்குப் போட்டோ இல்லை, கல்லறையில் கல்லும் இல்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் படத்தை இறக்கும்போது, ஹெலினா அந்தப் பெயரை விரலால் தொட்டுவிட்டுத்தான் துடைப்பாள்.

பின்னால் புதிதாக ஒட்டியிருந்த காக்கித் தாளைக் கிழித்து மணவாளன் ஆணிகளைப் பிடுங்கினான். உள்ளே புத்தம் புது அட்டை. ஒரு எழுத்து இல்லை.

பாவி, என்ன காரியம் செய்துவிட்டான்! படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதிவு அலுவலக வாசலில் பத்திர எழுத்தரோடு பிரகாசம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"அப்பாவோட படம் எங்கண்ணா?"

"இதாம்மா..."

"பொய் சொல்லாத. பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வரேன்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒருத்தன் நல்ல வெலைக்குக் கேட்டான், காப்பி ஒண்ணு அடிச்சு வெச்சுக்கினு ஒரிஜினல குடுத்துட்டேன். இன்னா இப்போ? பாக்க ரெண்டும் ஒண்ணாத்தான கீது?"

"பின்னாடி அட்டை?"

"அந்த அழுக்கு அட்டையா? பிரேம் போட்டவன் எங்கியாச்சும் கடாசியிருப்பான்."

கடாசியிருப்பானாம். சிசிலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றவன் இவன். ஹெலினாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படத்தை அவன் நெஞ்சோடு வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினாள். அவன் தடுமாறி, கீழே விழாமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு பங்கும் ஒண்ணுதான? அப்போ படத்த நீ எடுத்துக்க, ஊட்ட எனக்கு எழுதிக் குடு."

வாசலில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. எழுத்தர் பேனா மூடியைத் திறந்துகொண்டு கேட்டார்: "இன்னா சார், மாத்தி எழுதிடலாமா?"

பிரகாசம் படத்தை அவசர அவசரமாக அவளிடமே நீட்டினான்.