கேக் இல்லாத வெள்ளிக்கிழமை

முந்தைய அலுவலகத்தில் மேலாளருக்கு என் பெயர் சரியாகத் தெரியாது. லிண்டா என்பார், சில நாள் லூசியா. வேலை என்னவோ நிரந்தரம்தான். ஆனாலும் மதிப்பில்லை என்று உள்ளுக்குள் ஒரு புழுக்கம். அதை உதறிவிட்டு நெதர்லாந்தின் வடக்கே க்ரோனிங்கன் நகரில் ஒரு மிதிவண்டிக் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்தேன்.

லீஸ்பெத் என்ற என் பெயரை அங்கே முதல் நாளே எல்லோரும் மனப்பாடம் பண்ணியிருந்தார்கள். மேலாளர் யோரித் என்னைவிட இளையவன். அலுவலகத்துக்குள் காலுறையோடு நடப்பான். 'நீங்க' என்று அழைத்தால் முகம் வாடிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் வட்டமாக நின்று ஒருவரையொருவர் பாராட்ட வேண்டும்.

"சைக்கிள் தொலைச்சவங்ககிட்ட நீ ஆறுதலா பேசுறதக் கேட்டா, நானும் ஒண்ணத் தொலைச்சுப் பாக்கலாமான்னு இருக்கு," என்றாள் பக்கத்து மேசை டினெகெ.

எதிர்காற்றில் மிதித்து வீடு திரும்பும்போது அதையே மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இந்த வயதில் இத்தனை பசியா என்று கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே அடுத்த வெள்ளிக்குக் காத்திருந்தேன்.

ஒப்பந்தம் நிரந்தரமானால் வங்கி வீட்டுக்கடன் தரும். கால்வாய் ஓரத்தில் சின்னதாக ஒரு மாடி வீட்டைப் பார்த்து வைத்திருந்தேன்.

வருட முடிவில் யோரித் என்னைத் தரையோடு தரையாக அமுங்கும் ஒரு பீன்பேக் மூட்டையில் உட்கார வைத்தான். சட்டென்று எழுந்து போக முடியாத இருக்கை.

"நீ இல்லாத இந்த டீம நினைச்சுக்கூடப் பாக்க முடியல, லீஸ்பெத்."

"அப்ப, நிரந்தரமா?"

"இல்ல, நீட்டிக்கல. உன் வளர்ச்சிக்கு நாங்க தடையா நிக்கக் கூடாதில்ல?"

"வளரணும்னு நான் உன்கிட்டக் கேட்டேனா யோரித்?"

"பாத்தியா, இந்த வெளிப்படையான பேச்சுதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே."

"நன்றி," என்றது என் வாய்.

பிறந்தநாளோ விடைபெறும் நாளோ, கேக் வாங்கி வர வேண்டியது சம்பந்தப்பட்ட ஆள்தான். நெதர்லாந்தில் இது யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கடைசி நாள் காலை பேக்கரி வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆப்பிள் கேக். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மிதித்துப் போய்விட்டேன்.

மாலையில் வட்டம் கூடியது. டினெகெ தட்டுகளை ஏற்கெனவே பரப்பியிருந்தாள்.

"கேக் எங்கடி? சைக்கிள்லயே விட்டுட்டியா? நான் போய் எடுத்தாரவா?"

"வாங்கல, டினெகெ."

என்னை அனுப்புகிறார்கள் என்று தெரிந்தபோது வராத அதிர்ச்சி இப்போது எல்லா முகத்திலும் வந்தது. யோரித் என் தோளில் கை வைத்தான்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இங்க இருக்கறவங்கள நீ மதிக்கவே இல்லையோன்னு தோணுது."

டினெகெ தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துக்கொண்டு போனாள். அன்று யாரும் யாரையும் பாராட்டவில்லை, வட்டம் கலைந்தது. நான் மட்டும் நின்றேன். ஒருவராவது திரும்பி வந்து நல்லதாக ஒரு வார்த்தை சொல்வாரோ என்று கோட்டுப் பொத்தான்களை மிக மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.