வெள்ளைத் துணி காய்ந்த புதன்கிழமை

ஆலை மணி அடிக்காததால், கொதிகலனுக்குக் கரி போடும் ஜேபஸ் ஓக்டன் ஆசை தீரத் தூங்கி எழுந்தான். வாசலுக்கு வந்தவன், தெருக்கோடிக்கு அப்பால் பச்சையாக நின்ற மலையைப் பார்த்து வாய் பிளந்தான்.

"கெசையா, இந்த மலை எப்ப வந்துச்சு?"

"எங்க பாட்டன் காலத்துக்கு முன்னாடியே வந்துச்சு. நீதான் வருஷம் பூரா அதுக்குப் புகைப் போர்வை போத்தி வைக்கிற," என்றாள் அவன் மனைவி, ஈரப் போர்வையை உதறியபடி.

லங்காஷயரின் அந்தப் பஞ்சாலை ஊருக்கு ஆண்டில் ஒரு வாரம்தான் விடுமுறை. புகைபோக்கிகள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. பெண்கள் இதற்கென்றே காத்திருந்தவர்கள்போல வீட்டிலிருந்த துணி அத்தனையையும் துவைத்து, தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி உலர்த்தியிருந்தார்கள். நடுவில் பக்கத்து வீட்டு டாபிதாவின் கல்யாண கவுன் காற்றில் ஆடியது. சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். யாரோ அக்கார்டியன் வாசிக்க, இரண்டு கிழவர்கள் துணிகளுக்கு இடையே புகுந்து புகுந்து ஆடினார்கள்.

அப்போது ஆலை மேஸ்திரி கிளெக் வந்தார்.

"ஜேபஸ், புது எந்திரத்தை இன்னிக்கே ஓட்டிப் பாக்கணுமாம், முதலாளி சொல்றார். வந்து கொதிகலனைப் பத்த வை."

பாட்டு நின்றது. எல்லாப் பெண்களும் கயிற்றில் கரி படியப்போகிற துணிகளைப் பார்த்தார்கள். மற்ற நாளாயிருந்தால் ஜேபஸ், "புகை வரலேன்னா நமக்கு ரொட்டி ஏது?" என்று மார் தட்டியிருப்பான். இன்று தலை குனிந்தபடி ஆலைக்குக் கிளம்பினான். கெசையா சண்டைகூடப் போடவில்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

எப்போதும் அடுப்பு நிறையக் கரியைக் கொட்டிவிட்டு, வெளியே போய் நிம்மதியாகச் சுருட்டுப் பிடிப்பது அவன் வழக்கம். மூச்சுத் திணறிய நெருப்பு கறுகறுவென்று புகையைக் கக்கும். இன்றும் மண்வெட்டி நிறைய அள்ளினான். கவுன் கண்முன் வந்தது. பாதியைக் கீழே தட்டிவிட்டு, மீதியை மெல்லத் தூவினான். அது நன்றாகப் பற்றியதும் இன்னும் கொஞ்சம். உட்கார நேரமில்லை. தோள் கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது.

கிளெக் பதறி ஓடிவந்தார். "என்னய்யா, நெருப்பு அணைஞ்சுபோச்சா? புகையே காணோம்!"

"எந்திரம் ஓடுதா?"

"குதிரை மாதிரி ஓடுது!"

"அப்ப நெருப்பும் எரியுதுன்னு அர்த்தம், போங்க."

அவன் வீடு திரும்பியபோது, துணியெல்லாம் வெள்ளையாகவே இருக்க, தெருவே கைதட்டியது. டாபிதா ஓடிவந்து அவனுடைய கரி படிந்த கன்னத்தில் முத்தமிட்டாள்.

"அடியே, கல்யாணப் பொண்ணே, மூக்கெல்லாம் கரி!" என்று கெசையா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவனிடம் ஒரு குவளை பீரை நீட்டினாள். "ஏன்யா, இத்தனை வருஷமா இப்படிப் போடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். கை வலிக்குமேன்னு போடல," என்றான் ஜேபஸ். "புகையை நம்ம ரொட்டின்னு நெனச்சேன். அது ரொட்டி இல்ல கெசையா, என் சோம்பேறித்தனம். பூமிக்குள்ள உசுரக் குடுத்து வெட்டுன கரியைப் பாதி எரியாமலே வானத்துல வீசிட்டு, அதையே நாம மூச்சா இழுத்துக்கிட்டிருந்தோம். எந்திரம் ஓடட்டும், வேண்டாங்கல. ஆனா அதை ஓட்டுறவன் கொஞ்சம் மெனக்கெட்டா, ஊரும் மூச்சு விடலாம்."

அக்கார்டியன் மறுபடி ஒலித்தது.