துமானின் குட்டிகள்

பெட்டை நாய் துமான் அந்த வசந்தத்தில் ஐந்து குட்டி போட்டது. மூன்று மூச்சே விடவில்லை. மீதி இரண்டுக்கும் பின்னங்கால்கள் துவண்டு கிடந்தன. குல்சுன் அவற்றை ஆட்டுத்தோலில் சுற்றி அடுப்பருகே வைத்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிப் பார்த்தாள். வாரம் முடிவதற்குள் அவையும் போய்விட்டன. அவள் கணவர் சபீர்பெக் மண்வெட்டியோடு தொழுவத்தின் பின்பக்கம் போய்த் திரும்பினார். கை கழுவினார். தேநீர் குடித்தார்.

அத்-பாஷி மலை வட்டாரத்தில் சபீர்பெக்கின் டைகன் நாய்களைத் தெரியாதவர் இல்லை. நீண்ட முகமும் ஒட்டிய வயிறுமாக, காதிலும் வாலிலும் மயிர் குஞ்சம் தொங்க, மூச்சு முட்டும் உயரத்திலும் நரியைத் துரத்திப் பிடிக்கும் மலை நாய்கள். அசல் டைகன் வேண்டுமென்றால் தலைநகரிலிருந்துகூட அவரைத்தான் தேடி வருவார்கள். ஆனால் அவரிடம் அந்த அசல் இப்போது இரண்டே நாய்களில் வந்து நின்றது. ஒன்று துமான். மற்றது புர்குத் என்ற ஆண்நாய். துமானுக்கு அதுதான் அப்பன்; செத்த குட்டிகளுக்கும் அதுதான்.

குல்சுனின் தம்பி ஓர்மோன் பக்கத்துக் கிராமத்தில் இருந்தான். கசாக்கியப் பக்கத்திலிருந்து கிரேஹவுண்ட் என்ற குட்டைமயிர் ஓட்ட நாய் ஒன்றைக் கொண்டுவந்து, டைகனோடு சேர்த்து, பந்தய நாய்களை உண்டாக்கிக்கொண்டிருந்தான். உறவுக்காரர் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் அவன் வாயைத் திறந்தான்.

“ஜெஸ்தே, கொஞ்சம் புது ரத்தம் விடுங்க. இல்லாட்டி உங்க டைகனைப் படத்துலதான் பார்க்கணும்.”

அக்காள் கணவர் என்ற முறையில் சபீர்பெக் அவனை அதுவரை எவ்வளவோ பொறுத்திருந்தார். அன்று பொறுக்கவில்லை.

“உன் நாய் மைதானத்துல முயல் பொம்மை பின்னாடி ஓடுது. என் நாய் மலையில ஓடுது. குதிரையையும் கழுதையையும் சேர்த்துட்டு, புதுக் குதிரை செஞ்சேன்னு ஊர் பூரா சொல்லுவியா நீ?”

“செத்த குட்டியைவிடக் கழுதை மேல், ஜெஸ்தே.”

சபீர்பெக் கையிலிருந்த எலும்பைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குல்சுன், ஊரார்போலவே அவர் பெயரை மரியாதையாகச் சுருக்கி அழைத்துக் கேட்டாள்: “அவன் சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பா, சாக்கே?”

“நீயுமா?”

“நம்ம மகளைக் கட்டிக் குடுத்தப்போ பையனோட ஏழு தலைமுறையை எண்ணினோம். ஆறாவதுல ரெண்டு வீட்டுக்கும் ஒரே தாத்தா வந்து இடிக்கிறார்னு முதல்ல வந்த நல்ல சம்பந்தத்தையே வேணாம்னீங்க. துமானை மட்டும் அதோட அப்பன்கிட்டயே விடுறீங்களே.”

“நாய்க்கு ஏதுடி ஏழு தலைமுறை?” என்றார் அவர். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலக் கடைசியில் சபீர்பெக்குக்குச் சிறுநீரகக் கல் வலி வந்து, தலைநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புறப்படும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே, “துமான் இணைக்கு வர்ற நேரம். புர்குத்கூட விட்டுடு, மறந்துடாதே” என்றார்.

துமான் இணைக்கு வந்தது. குல்சுன் புர்குத்தின் சங்கிலியை அவிழ்க்கப் போனாள். கிழட்டு நாய் வாலை ஆட்டியது. தொழுவத்தின் பின்பக்கம் பனிக்கு மேலே மண்மேடு லேசாகத் தெரிந்தது. அவள் சங்கிலியை விட்டுவிட்டு, துமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

ஓர்மோன் அக்காளைக் கண்டதும் வாசலிலேயே நின்றான். “எஜே, ஜெஸ்தேகிட்டக் கேட்டியா?”

“கேட்டிருந்தா இங்க வந்திருப்பேனா?”

“தெரிஞ்சா என்னை வெட்டிப் போடுவார்.”

“உன்னை வெட்டட்டும். பேசினது நீதானே.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “சீக்கிரம் கொண்டு வாடா, என் மனசு மாறுறதுக்குள்ள.”

அவன் தன் கிரேஹவுண்டைக் கொண்டுவந்தான். குல்சுன் துமானின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் நாய் வண்டியின் பின்னால் அமைதியாகத் தூங்கியது. தூக்கம் போனது அவளுக்குத்தான்.

குட்டிகள் ஏழு. ஏழும் பிறந்த உடனே முட்டி மோதிப் பால் குடித்தன. கத்திக் காதைக் குடைந்தன. சபீர்பெக் தொழுவத்திலேயே பாதி நாள் கிடந்தார். ஒரு குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்து, “பாரு, காலைப் பாரு! உதைக்கிறான் பயல்!” என்று குழந்தைபோலச் சிரித்தார். வருவோர் போவோருக்கெல்லாம் ரொட்டியும் வெண்ணெயும் வைத்து உபசரித்தார். “நாய்க்கு ஏழு தலைமுறை வேணும்னா சொன்னே?” என்று அவளைச் சீண்டினார். அன்றே சொல்லிவிட வேண்டும் என்று குல்சுன் நினைத்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

இரண்டு மாதம் கழிந்தபின் அவரது உற்சாகம் அடங்கிவிட்டது. குட்டிகளைப் பார்க்கப் போனால் சும்மா நின்றுவிட்டு வருவார். கல் மறுபடியும் வலிக்கிறதோ என்றுதான் அவள் நினைத்தாள். கோடையில் மேய்ப்பர்கள் மேல் புல்வெளிக்கு ஏறியபோது, கேட்டவர்களுக்கெல்லாம் குட்டிகளைக் கொடுத்தார். “துமானோட குட்டி” என்று மட்டும் சொன்னார். மற்றதைக் கேட்டவர்களே சேர்த்துக்கொண்டார்கள்: சபீர்பெக் வீட்டு டைகன்.

ஜனவரியில் மேய்ப்பர் நுர்காஜி குதிரையில் வந்தார். மீசையில் பனி உறைந்திருந்தது. தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார்.

“சாக்கே, நீங்க குடுத்த நாய் செத்துப்போச்சு. ஓநாய் அடிக்கல. காலையில பார்த்தா ஆட்டுக்கொட்டில் வாசல்ல விறைச்சுக் கிடக்கு. இடத்தை விட்டு நகரல பாவம், நல்ல காவக்காரன். ஆனா பனியில செத்த டைகனை நான் பார்த்ததே இல்ல. மயிரை விலக்கிப் பார்த்தேன், அடியில பஞ்சு மயிரே இல்ல. வெறும் தோல்.” அவர் தயங்கினார். “என்ன நாய் சாக்கே அது?”

“தப்பு என்னுது” என்றார் சபீர்பெக். “உங்களுக்கு வேற நாய் நான் பார்த்துத் தர்றேன்.”

நுர்காஜி போனதும் குல்சுன் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தப்பு உங்களுது இல்ல. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் துமானை ஓர்மோன்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்.”

“தெரியும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நாய் வளர்த்தே நரைச்சவன் நான். காதைத் தடவினா கைக்குத் தெரியாதா? குஞ்சம் வர்ற இடத்துல வழவழன்னு இருக்கு. அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா அந்தக் குளிருக்கு அனுப்பினீங்க?”

சபீர்பெக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உசுரோட இருந்துச்சே, குல்சுன். என் தொழுவத்துல உசுரோட ஏழு குட்டி. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? கேட்டவன்கிட்ட டைகன் இல்லன்னா ஓர்மோன் ஜெயிச்சான்னு ஆயிடும். டைகன்னா பொய். ஒண்ணும் சொல்லாம இருந்துட்டேன்.”

“நானும் அதானே செஞ்சேன்.”

“நீ ஒரு உசுரை உண்டாக்கிட்டுச் சும்மா இருந்தே. நான் அதைச் சாகக் குடுத்துட்டுச் சும்மா இருந்தேன்” என்றார். அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு, மேய்ப்பர்களின் குளிர்கால இருப்பிடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சபீர்பெக்கே வாயால் சொன்னார்: இது டைகன் இல்லை, கிரேஹவுண்ட் கலந்தது, குளிர் தாங்காது. ஒருவர் திட்டினார். ஒருவர் தோளைக் குலுக்கிவிட்டு, நாயை வண்டியில் ஏற்றிவிட்டார். ஒரு வீட்டில் நாய் ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. வாசலில் வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்கக்கூடக் கூசி நின்ற கணவரைக் குல்சுன் அதுவரை கண்டதில்லை. பழியைத் தன்மேல் எடுத்துக்கொள்ள அவள் வாய் திறந்தபோதெல்லாம் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

கடைசியாக அர்பா பள்ளத்தாக்கில், புருஷனை இழந்து தனியாக மந்தை வைத்திருந்த அனார்கானின் வீடு. அங்கே நாய் வாசலுக்கு ஓடிவந்தது. பழைய மேலங்கியை வெட்டி, உள்ளே கம்பளி வைத்துத் தைத்த சட்டை ஒன்று அதன் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தது.

சபீர்பெக் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு அனார்கான் சிரித்தாள். “குளிர் தாங்காதுன்னு முதல் பனியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சாக்கே. நடுங்கிட்டு நின்னான். தைச்சுப் போட்டேன். நானும்தான் கோட்டு இல்லாம வெளியே போக மாட்டேன்.”

“திருப்பிக் குடுத்துடும்மா. ஒரு நாள் சட்டை கழண்டா செத்துடுவான்.”

“குடுக்க மாட்டேன். போன மாசம் நரியைப் பிடிச்சான். என் அடுப்புக்கிட்டதான் படுக்குறான். அவன் பேரு டைகனா வேற எதுவான்னு கேட்டு எனக்கு என்ன ஆகணும்?”

“சரி” என்றார் சபீர்பெக், சட்டையின் முடிச்சை இறுக்கிவிட்டு. “ஒண்ணு மட்டும் செய். பெட்டை நாய்கிட்ட விடாதே. இந்தப் பள்ளத்தாக்குல நல்ல டைகன் இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்கு.”

அனார்கான் சிரிப்பை நிறுத்தினாள். கண்ணை வேறு பக்கம் திருப்பி, ஓடைக்கு அக்கரையில் புகை வந்துகொண்டிருந்த வீட்டைக் காட்டினாள். “அதைக் கொஞ்சம் முன்னாடி வந்து சொல்லியிருக்கணும். அவங்க பெட்டைக்கு இப்போ வயிறு நல்லாத் தெரியுது.”

சபீர்பெக் ஓடைக்கரை வரைக்கும் நடந்து போனார். அக்கரையில் அந்தப் பெட்டை வெயிலில் படுத்திருந்தது. வெண்சாம்பல் நிறம், காதில் நீளக் குஞ்சம். எங்கும் கலக்காத, அவருடைய வழியோடும் சேராத டைகன். நுர்காஜி வந்துபோனதிலிருந்து துமானுக்கு இணையாக ஒரு ஆண்நாய்க்காக அவர் எங்கெங்கோ விசாரித்துக்கொண்டிருந்தார். புர்குத்துக்கு இணையாக இப்படி ஒரு பெட்டை இருக்கும் என்று இந்த வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை. அது தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. குல்சுன் பின்னால் வந்து நின்றாள். நாயின் பக்கவாட்டில் வயிறு புடைத்து, மூச்சுக்கு மூச்சு அசைந்தது.

“சாக்கே, ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க.”

அவர் வண்டிக்குத் திரும்பி, திரும்ப வாங்கிய நாய்களுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்தார். கணவாயைத் தாண்டியதும் ஊர்ப் பாதை தெரிந்தது.

“அந்தக் குட்டிங்க பொறந்ததும் வந்து பார்க்கணும்” என்றார் பிறகு.

எதற்கு என்று குல்சுன் கேட்கவில்லை. அந்தக் குரலில் இருந்தது கோபமா ஆசையா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். பின்னால் குளிரில் நாய்கள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு நடுங்கின. அவள் தன் சால்வையையும் கழற்றிப் பின்பக்கம் நீட்டினாள்.