கதவடியில் வெளிச்சம்

குலசேகரத்தில் அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. எபிசன் பின்னறைச் சன்னல்களை எல்லாம் அடைத்தான். ஈரக்காற்று பட்டால் பெயின்ட் வெளுத்துவிடும். கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள் போட்டான். மகள் ஜிஷா இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள்.

துபாயில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன் அவன். ஊருக்கு வந்தபிறகு, வெளிநாட்டிலிருந்து ஒருவர் அனுப்பும் விண்கல மாதிரிகளுக்கு நிறம் கொடுக்கிறான். மேசையில் இருந்த விண்கலம் முழங்கை நீளம். அதன் உடம்பு முழுக்கத் தகடு தகடாகக் கோடுகள். எல்லாம் சாம்பல் நிறம்தான். ஆனால் ஒவ்வொரு தகடும் பக்கத்துத் தகட்டிலிருந்து மயிரிழை மாறவேண்டும். நேரே பார்த்தால் தெரியக்கூடாது, வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் தெரியவேண்டும். சுற்றிலும் டேப் ஒட்டி, முகமூடி மாட்டிக்கொண்டு, ஏர்பிரஷால் மூச்சு விடுவதுபோல மெல்ல அடித்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும்போது கரண்டு போனது. ஏர்பிரஷுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் அடங்கியது. புகையை வெளியே இழுக்கும் விசிறியும் நின்றது. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. தட்டித் தடவி எழுந்தவனின் முழங்கை எதிலோ பட்டது. பெயின்டில் கலக்கும் தின்னர் கேன் கவிழ்ந்து குளுக் குளுக்கென்று கொட்டியது. நிமிர்த்துவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. கால்விரல்கள் சில்லிட்டன.

அப்போது கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. ஆடிக்கொண்டே நெருங்கி வந்தது. மனைவி ஜாஸ்மி மெழுகுதிரியோடு வருகிறாள்.

தின்னரின் ஆவி தரையோடு தரையாகப் படரும். அது எப்படிப் பற்றும் என்பதைத் துபாய்ப் பட்டறையில் ஒருமுறை பார்த்திருக்கிறான்.

“ஜாஸ்மி, திரிய அணை.”

முகமூடிக்குள்ளேயே சத்தம் செத்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினான். தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது.

“என்னவா? ஒண்ணும் கேக்கல்ல. கதவத் தொறங்க.”

“தொறக்க மாட்டேன். தீய அணைச்சிட்டு அந்தால போ, ஏட்டி.”

“என்னத்துக்குக் கெடந்து சத்தம் போடுதிய? விழுந்திட்டியளா?”

அவள் குரல் பதறியது. கதவு குலுங்கியது. இடுப்பில் பிள்ளை, கையில் திரி என்றால் அழுத்தித் தள்ள முடியாது. வெளிச்சம் கீழே இறங்குவதை எபிசன் பார்த்தான். திரியைத் தரையில், கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். இடுக்கில் சுடர் தெரிந்தது. ஜிஷா சிணுங்குவதும் கேட்டது.

அவன் பின்வாங்கியபோது, உப்புத்தாள் தேய்க்க வைத்திருந்த தண்ணீர் வாளி காலில் இடித்தது. தூக்கி அப்படியே கதவடியில் சாய்த்தான். தண்ணீர் தின்னரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமோ என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“திரி அணைஞ்சு போச்சு,” என்றாள் ஜாஸ்மி.

கதவைத் திறந்து இருவரையும் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். கம்ப்ரஸர் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்டு வந்தால் ஒரு பொறி போதும். வராந்தா மூலையிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சன்னல்களைத் திறந்துவிட்டு வந்தான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

நடந்ததைச் சொன்னான். ஜாஸ்மி நைட்டிப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து மழைக்குள் வீசினாள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டு விளக்குகள் எரிந்தன. பக்கத்து வீட்டில் டிவி பாடத் தொடங்கியது.

“மெயினப் போடவா?” என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது.

“வேண்டாம்,” என்றான் எபிசன். “தொடாத.”