ஹீட்டர் மூலை

கண்ணை உறுத்துகிறது என்று, மீன் தொட்டியின் ஒரு மூலையில் செடிக்குப் பின்னால் ஹீட்டரை ஒளித்து வைத்தார் பஸ் டிரைவர். தெர்மாமீட்டரையும் அதன் பக்கத்திலேயே ஒட்டினார். எப்போது பார்த்தாலும் இருபத்தாறு டிகிரி காட்டியது. மீன்கள் எல்லாம் அந்த மூலையிலேயே ஒண்டிக் கிடந்தன.

“என்ன ஒத்துமை பாருங்க! மனுஷங்களுக்கு வருமா?” என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது பார்வை மனைவி பக்கம் போகும்.

குளிர் ஏற ஏற, இரைக்காக மூலையை விட்டு வந்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கடைசி மீனை அவர் வலையில் அள்ளியபோது, மனைவி தொட்டியின் எதிர் மூலையில் கையை விட்டாள்.

“இங்க தொட்டுப் பாருங்க.”

தொட்டார். ஐஸாக இருந்தது. செடியைத் தாண்டிச் சூடு வரவேயில்லை.

“ஒத்துமையாம் ஒத்துமை! குளிர் தாங்காம ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சுங்க.”

“தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொன்னேன். நீங்க தெர்மாமீட்டரைக் காட்டினீங்க.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னறைக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த அறை குளிருகிறது என்றும் அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். கதகதப்பான ஹாலில் உட்கார்ந்தபடியே, இல்லை என்று சொல்லியிருந்தார் அவர்.